மனச்சாய்வைத் திருத்தும் மூன்று பயிற்சிகள்: எது யாருக்கு உதவும்?

பதற்றத்தில் தவிப்பவரின் கண், கூட்டத்தில் சுளித்த முகத்தைத்தான் முதலில் தேடிப் பிடிக்கும். மனச்சோர்வில் இருப்பவருக்குப் பதில் வராத குறுஞ்செய்தி ஒன்றே போதும், தன்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டிவிடுவார். குடியை விடப் போராடுபவரோ, வேண்டாம் என்று மனம் சொல்லி முடிப்பதற்குள் கோப்பையை நோக்கிக் கையை நீட்டிவிடுவார். இவை யோசித்து எடுக்கும் முடிவுகள் அல்ல. யோசனை தொடங்கும் முன்பே நடந்துவிடும் சாய்வுகள்.

இவற்றைக் கணினிப் பயிற்சியால் திருத்த முடியுமா என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்துவருகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே 'மூளைப் பயிற்சி' போலத் தோன்றும். உண்மையில் இவை மூன்று தனித்தனிப் பயிற்சிகள்; சான்றின் பலமும் மூன்றுக்கும் ஒன்றல்ல. நோயில் துவண்டிருப்பவருக்கு இந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதே என் ஆதங்கம்.

முதலாவது கவனப் பயிற்சி. 1986 இல் காலின் மெக்லியோட், ஆண்ட்ரூ மாத்யூஸ், ஃபிலிப் டாட்டா ஆகிய உளவியலாளர்கள் வகுத்த சோதனையிலிருந்து பிறந்தது. திரையில் அரை விநாடி இரண்டு சொற்கள் தோன்றும். ஒன்று அச்சுறுத்துவது, மற்றொன்று சாதாரணமானது. அவை மறைந்ததும் ஒன்றின் இடத்தில் ஒரு புள்ளி வரும். கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். பதற்றக் கோளாறு உள்ளவர்கள், அச்சச் சொல் இருந்த இடத்தில் வரும் புள்ளியை விரைவாகக் கண்டுகொண்டார்கள். 2002 இல் மெக்லியோட் குழு அடுத்த படிக்குப் போனது. புள்ளி எந்தப் பக்கம் வரும் என்பதை மாற்றி, மாணவர்களின் கவனத்தை ஒரு பக்கமாகப் பழக்கினார்கள். எதிர்மறைச் சொற்களின் பக்கம் பழகியவர்கள், பின்னர் வந்த நெருக்கடியில் கூடுதலாக மனம் கலங்கினார்கள். சாய்வு நோயின் அடையாளம் மட்டுமல்ல, காரணமாகவும் இருக்கக்கூடும் என்று இது காட்டியது. அழகான அறிவியல்தான். ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்தது வேறு, மருந்தைக் கண்டுபிடித்தது வேறு. ஆய்வகத்தில் நம்பிக்கை தந்த பயிற்சியை இணையம் வழியே வீட்டுக்குக் கொண்டுபோனபோது, உண்மைப் பயிற்சி பெற்றவர்களுக்கும், புள்ளி இரு பக்கமும் சமமாக வரும் போலிப் பயிற்சி பெற்றவர்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. சாய்வை அளக்கும் அந்தப் புள்ளிச் சோதனையே ஒருவருக்கு இன்று ஓர் அளவும் நாளை வேறோர் அளவும் காட்டக்கூடியது. தனியாக இதை மட்டும் நம்பி யாரும் பணம் செலவழிக்க வேண்டாம் என்பேன்.

இரண்டாவது, பொருள்கொள்ளும் விதத்தைத் திருத்தும் பயிற்சி. மாத்யூஸும் பண்டி மெக்கின்டோஷும் 2000 இல் இதன் அடிப்படையை வெளியிட்டார்கள். பயிற்சி இப்படி இருக்கும்: 'நீங்கள் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பின்வரிசையில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைக்கிறார்கள். உங்கள் பேச்சு அவர்களுக்குச் சுவா_சியமாக இருக்கிறது.' விடுபட்ட எழுத்தை நீங்களே நிரப்ப வேண்டும். பிறகு ஒரு கேள்வி: 'அவர்கள் உங்களைக் கேலி செய்கிறார்களா?' 'இல்லை' என்று பதில் சொன்னால்தான் சரி. இரண்டு விதமாகவும் போகக்கூடிய ஒரு காட்சியை நல்ல பக்கம் கொண்டுபோய் முடிப்பது பயிற்சி செய்பவரின் சொந்தக் கைதான். இப்படி நூற்றுக்கணக்கான காட்சிகள். 2020 இல் 85 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்த பெரிய தொகுப்பாய்வில், பதற்றத்தைப் பொறுத்தவரை இந்த வகையே மற்றவற்றைவிட நன்றாக நின்றது. பலன் சிறியதுதான். ஆனாலும் பதற்றத்துக்கு ஏதாவது ஒரு பயிற்சியைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்றால், நான் இதைத்தான் தேர்வேன்.

மூன்றாவதுதான் என்னை மிகவும் ஈர்த்தது. இது கையைப் பழக்கும் பயிற்சி. குடிநோயாளி ஜாய்ஸ்டிக் ஒன்றைப் பிடித்துக் கணினி முன் அமர்கிறார். ஒரு படம் வருகிறது. இழுத்தால் படம் பெரிதாகி அருகில் வரும். தள்ளினால் சுருங்கி விலகிப் போகும். மதுப் படங்களைத் தள்ள வேண்டும், மற்ற பானங்களை இழுக்க வேண்டும். பல வடிவங்களில் இதை வெளிப்படையாகச் சொல்வதுகூட இல்லை. நெட்டுவாக்கில் இருக்கும் படத்தை இழு, கிடைவாக்கில் இருக்கும் படத்தைத் தள்ளு என்பது மட்டுமே கட்டளை. மதுப் படங்கள் தள்ளும் வடிவத்திலேயே வந்துகொண்டிருக்கும். ஓர் அமர்வில் இப்படிப் பல முறை தள்ளியும் இழுத்தும் ஆக வேண்டும்.

ஜெர்மனியில் உள்ளிருப்பு சிகிச்சையில் இருந்த 214 பேரிடம் உளவியலாளர் ரெய்னவுட் வீர்ஸ் குழு இதைச் சோதித்து 2011 இல் வெளியிட்டது. நான்கே அமர்வுகள். ஓராண்டு கழித்து, பயிற்சி பெறாத பிரிவில் 59 சதவீதம் பேர் குடிக்குத் திரும்பியிருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் 46 சதவீதம். 2013 இல் 509 பேரிடம் நடந்த அடுத்த ஆய்வில் இடைவெளி சுமார் 8.5 சதவீதப் புள்ளிகளாகக் குறைந்தது. அதாவது ஏறத்தாழ 12 பேர் பயிற்சி செய்தால் ஒருவர் கூடுதலாகத் தப்புகிறார். சிறிய பலன் என்று சிலர் ஒதுக்குவார்கள். பக்கவிளைவு இல்லாத, ஓர் அமர்வுக்குக் கால் மணி நேரமே கேட்கிற ஒரு பயிற்சிக்கு இது சிறியது அல்ல என்பேன். 12 இல் ஒன்று என்றால் ஒரு குடும்பம். மெல்போர்னில், குடியை நிறுத்தும் முதல் நாட்களிலேயே 300 பேரிடம் நடத்தி 2021 இல் வெளியிட்ட சோதனையில், இரண்டு வாரம் கழித்துக் குடிக்காமல் இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 54.4 சதவீதம், மற்றதில் 42.5 சதவீதம்.

இதே பயிற்சியை வீட்டில் தனியாகச் செய்தால்? வீர்ஸ் குழுவே இணையம் வழியே முயன்றது. எல்லோரும் குடியைக் குறைத்தார்கள், போலிப் பயிற்சி செய்தவர்களும்கூட. வேறுபாடு கிடைக்கவில்லை. என் கணிப்பு இதுதான்: மருத்துவமனையில் இருப்பவர் விடுவதென்று தீர்மானித்துவிட்டார், சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள், பேச்சு சிகிச்சையும் நடக்கிறது. தலை எடுத்த முடிவுக்குக் கையும் பழகுகிறது. முடிவே எடுக்காதவரின் கை எத்தனை முறை தள்ளினாலும் எதற்குப் பழகும்?

வீர்ஸும் சகாக்களும் பின்னர் பயிற்சியையே மாற்றி யோசித்தார்கள். வெறுமனே தள்ளாமல், ஒருவர் தனக்குப் பொருந்தும் மாற்றுச் செயலைத் தேர்ந்து, அதன் விளைவையும் பார்க்கும்படி அமைத்தார்கள். 'மாலையில் தனிமை' என்றால் 'நண்பரை அழைப்பேன்' என்பதுபோல. திசை சரியானது என்றே நினைக்கிறேன்.

இந்த மூன்றையும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு எதிரே நிறுத்தினால் போட்டியே இல்லை. எண்ணங்களை எடுத்துப் பேசிச் சோதித்துப் பார்க்கும் அந்தச் சிகிச்சைக்குப் பதற்றத்திலும் மனச்சோர்விலும் இருக்கும் சான்றின் கனம் இவற்றுக்கு இல்லை. ஆகவே அதற்குப் பதிலாக அல்ல, அதனோடு சேர்த்தே இவற்றைக் கேளுங்கள். அந்தச் சிகிச்சைக்காக வரிசையில் காத்திருக்கும் நாட்களில் பொருள்கொள்ளும் பயிற்சியைத் தொடங்கலாம். குடிநோய்க்கு உள்ளிருப்பு சிகிச்சை பெறுபவர், ஜாய்ஸ்டிக் பயிற்சி அங்கே உண்டா என்று மருத்துவரிடம் கேட்கலாம். நீண்ட நாள் அதிகமாகக் குடித்தவர் மட்டும், எந்தப் பயிற்சியையும் நம்பி வீட்டிலேயே சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த முதல் நாட்கள் மருத்துவக் கண்காணிப்பில்தான் கழிய வேண்டும்.