6500-இலிருந்து 6900: டர்போ லாராவின் ரெவ் லிமிட்டை ஏற்றி 27,000 கிலோமீட்டர்

வண்டி 2012 ஸ்கோடா லாரா விஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 6 கியர் மேனுவல், ஷோரூமிலிருந்து வரும்போது 160 குதிரைசக்தி. 2017-இல் 61,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இப்போது மீட்டர் 1,18,000 காட்டுகிறது. அதில் கடைசி 27,000, ரெவ் லிமிட்டை, அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) வரை போகலாம் என்ற உச்சவரம்பை, 6500-இலிருந்து 6900-க்கு ஏற்றிய பிறகு ஓடியது.

வெறும் 400 ஆர்பிஎம்முக்கு இவ்வளவு பேச்சா என்று என் மனைவியே கேட்டாள். கேட்க வேண்டியதுதான். வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூர் ஆபீசுக்குப் போகும் வழியில் முள் 2500-ஐத் தொட்டால் அன்று அரசு விடுமுறை என்று அர்த்தம். இந்த 400-க்கு வேலை இருக்கும் ஒரே இடம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். 1990-இல் திறந்த 3.7 கிலோமீட்டர் பாதை. அங்கே ஒரு வளைவை விட்டு வெளியே வந்து அடுத்த பிரேக் போடும் இடம் வருவதற்குள் என் மூன்றாவது கியர் தீர்ந்துவிடும். நான்காவது போட்டு இரண்டு விநாடி ஓடி, உடனே பிரேக், திரும்ப மூன்றாவது. இரண்டு கியர் மாற்றமும் தண்டம். 6900 வரை இழுக்க முடிந்தால் அதே மூன்றாவதில் மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கும், கை கியர் பக்கமே போக வேண்டாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இதை முதலில் தப்பாகத்தான் செய்தேன். 2018-இல் ஒருவரிடம் சாதாரண டியூனிங் போட்டேன். பழைய டர்போ, பழைய எஞ்சின், எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூவின் ஃபைல் மட்டும் புதுசு. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது “கட்-ஆஃபையும் 7200 ஆக்கிட்டேன், அது ஃப்ரீ” என்றார். ரெவ் லிமிட்டைத்தான் சொன்னார். ஃப்ரீ என்றதும் எனக்கும் வாயெல்லாம் பல். மூன்று மாதம் அப்படியே ஓட்டினேன். சத்தம் பிரமாதமாக இருந்தது. பிறகு ஒரு நாள் சும்மா லாக், அதாவது ஓடும்போது ஈசியூ தரும் எண்களின் பதிவு, எடுத்துப் பார்த்தேன். 3500-இல் 1.2 பார் இருந்த பூஸ்ட் (டர்போ காற்றை உள்ளே தள்ளும் அழுத்தம்), 6000-இல் 0.8, 6800-இல் 0.5. கம்பெனியோடு வந்த சின்ன டர்போவுக்கு மேலே மூச்சே இல்லை. 6200-இல் கியர் மாற்றினால் போகிற வேகம், 7000 வரை கத்தவிட்டால் போகவில்லை. அந்த ஃபைலைக் கழற்றிப் போட்டு 6500-க்கே திரும்பினேன்.

2020-இல் கே04 என்ற பெரிய டர்போ, அது தள்ளும் காற்றைக் குளிர்விக்கப் பெரிய இன்டர்கூலர். அடுத்த வருடம்தான் மறுபடி லிமிட்டைத் தொட்டேன். இந்தத் தடவை லாக்கைப் பார்த்துவிட்டு. எஞ்சினுக்குள் போகும் காற்றின் எடை 6000-இல் விநாடிக்கு 204 கிராம், 6500-இல் 206, 6900-இல் 201. சோதனைக்காக ஒரே ஒரு தடவை 7100 வரை விட்டபோது 188. காற்று குறைந்தால் சக்தியும் குறையும், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. 6900 என்ற எண் அப்படித்தான் வந்தது. உங்கள் வண்டிக்கு அது 6700 ஆக இருக்கலாம், 7000 ஆகவும் இருக்கலாம். அடுத்தவர் எண்ணைக் காப்பியடிக்காதீர்கள்.

அந்த எண்ணை ஈசியூவில் போடுவதற்கு முன் வால்வு ஸ்பிரிங். அம்பத்தூரில் நான் போகும் மெக்கானிக் அண்ணன், பழைய ரேஸ் கை, விஷயத்தைச் சொன்னதும் கேட்ட முதல் கேள்வியே அதுதான். “நம்பர் மாத்துறது ஒண்ணும் இல்ல சார். தொண்ணூறாயிரம் ஓடுன ஸ்பிரிங் அது. அத மொதல்ல பாப்போம்.”

டர்போ வண்டியில் ஸ்பிரிங்குக்கு இரட்டை வேலை. வால்வு, அதைத் திறக்கும் தண்டான கேமை விட்டு எகிறாமல் பிடிக்க வேண்டும், கூடவே பூஸ்ட்டையும் எதிர்க்க வேண்டும். காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வு 34 மில்லிமீட்டர் வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.2 பார் பூஸ்ட் அதன் முதுகில் சுமார் 11 கிலோ பாரமாக அழுத்தி, திற திற என்று தள்ளிக்கொண்டே இருக்கும். எக்ஸாஸ்ட் பக்கமும் டர்போவுக்கு முன்னால் அடைபட்ட அழுத்தம் அதே வேலையைச் செய்யும். டர்போ இல்லாத எஞ்சினில் 7000 வரை தாங்குகிற ஸ்பிரிங் இங்கே அதற்கு முன்பே தடுமாறுவது இதனால்தான். வால்வு நேரத்துக்கு மூடாவிட்டால் முதலில் மிஸ்ஃபயர் (சிலிண்டர் சரியாக எரியாமல் தவறுவது), அப்புறம் பிஸ்டன் வந்து முத்தமிடும்.

அண்ணன் ஹெட்டை இறக்கவில்லை. கேமைக் கழற்றி, பிளக் ஓட்டை வழியாக சிலிண்டருக்குள் நைலான் கயிற்றைத் திணித்து, பிஸ்டனை மெதுவாக மேலே ஏற்றினார். கயிறு மெத்தை மாதிரி வால்வுகளைத் தாங்கிக்கொள்ள, ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றிவிட்டார். பிறகு டிரில்லிங் மெஷினுக்குக் கீழே குளியலறை எடை மெஷினை வைத்தார். பதினாறு ஸ்பிரிங்கையும் ஒவ்வொன்றாக அதே உயரத்துக்கு அமுக்கி எடை படித்தார். பதினைந்து ஏறக்குறைய ஒன்றாக நின்றன. மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் ஸ்பிரிங் ஒன்று மட்டும் இரண்டரை கிலோ குறைவு. நான் 7200 வரை கத்தவிட்ட அந்த மூன்று மாதத்தை நினைத்து அங்கேயே வயிற்றைக் கலக்கியது.

பதினாறையும் கெட்டியான ஸ்பிரிங்காக மாற்றி, ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ரீடெய்னர், கேமைச் சுற்றும் டைமிங் செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், கூலி எல்லாம் சேர்த்து 86,000 ரூபாய் ஆனது. செயினும் டென்ஷனரும் எதற்கு என்றால், இந்தக் குடும்பத்து எஞ்சின்களில் ஆரம்பகால டென்ஷனருக்குப் பெயர் அவ்வளவு நன்றாக இல்லை, கேம் வரை பிரித்த பிறகு அதை விட்டுவைப்பது மடத்தனம்.

கீழ்ப் பகுதியை, அதாவது பிஸ்டன், கிராங்க், இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு, தொடவே இல்லை. அதனால்தான் 6900-க்கு மேல் போக ஆசையும் இல்லை. பலர் பூஸ்ட்டுக்குத்தான் ராடு வளையும் என்று பயப்படுகிறார்கள். அது சரிதான், ஆனால் ஆர்பிஎம் ராடை வளைப்பதைவிட இழுத்துத்தான் கெடுக்கும். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து பிஸ்டன் உச்சியில் திரும்பும் கணத்தில் மேலே தடுக்க அழுத்தம் கிடையாது. பிஸ்டனின் மொத்த வேகத்தையும் ராடு போல்ட்தான் பிடித்து நிறுத்த வேண்டும். ஸ்ட்ரோக் 84 மில்லிமீட்டர், பிஸ்டனும் பின்னும் ராடின் மேல்பாதியும் சேர்ந்து அரை கிலோ என்று தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். 6500-இல் அந்த இழுவை 1270 கிலோ. 6900-இல் 1430. 7200-இல் 1560. ஆர்பிஎம் ஆறு சதவீதம் ஏறினால் இழுவை பதின்மூன்று சதவீதம் ஏறுகிறது, ஏனென்றால் இது இருமடிக் கணக்கு. நல்ல ராடு, புது போல்ட் போடாமல் 7200 கேட்பவர்களுக்கு என் பதில் இந்த மூன்று எண்தான்.

பெட்ரோல் பக்கம் சுருக்கமாக: நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சினில் ஆர்பிஎம் ஏற ஏறப் பெட்ரோல் தெளிக்கக் கிடைக்கும் நேரம் குறையும். ஈசியூ 150 பார் அழுத்தம் கேட்க, முதல் நாள் 6800-இல் 131 தான் வந்தது. உடனே காலை எடுத்துவிட்டேன். ஹை பிரஷர் பம்பின் உள்பாகத்தை மாற்றிய பிறகு கேட்டது கிடைக்கிறது. அழுத்தம் இறங்குவதைக் கண்டும் அழுத்தி ஓட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் உருகும்.

லிமிட் எப்படி வெட்டுகிறது என்பதும் முக்கியம். என்னுடையது பெட்ரோலை நிறுத்தி வெட்டும். ஈசிஆரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டாசு வெடிக்கிற வண்டிகள் ஸ்பார்க்கை நிறுத்துபவை. எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டுக்குள் போய் அங்கே எரிகிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் டர்பைனும் அதற்குக் கொடுக்கும் விலையை யாரும் ரீல்ஸில் போடுவதில்லை. இன்னொன்றும் கேட்டு வாங்கினேன்: ஆயில் 70 டிகிரி வரும்வரை கட்-ஆஃப் 4500-தான். மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், தம்பி வண்டியைக் கேட்கும்போது நிம்மதியாகச் சாவியைக் கொடுக்கலாம்.

இப்போது அந்த அசம்பாவிதம். 97,000 வாக்கில், டிராக்கில், மூன்றிலிருந்து நான்குக்குப் போட வேண்டிய கியர் இரண்டில் விழுந்தது. கிளட்சைப் பாதி விட்டபோதே வண்டி ஊளையிட்டது, கால் தானாகத் திரும்ப அமுக்கிவிட்டது. லாக்கில் 7940. கட்-ஆஃப் எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்கு: எஞ்சினை அப்போது சுற்றியது சக்கரங்கள். பெட்ரோலை நிறுத்தி என்ன பயன்? கிளட்சை முழுசாக விட்டிருந்தால் 10,000-ஐத் தாண்டியிருக்கும். வண்டியை அங்கேயே அணைத்து லாரியில் ஏற்றி அம்பத்தூர் கொண்டுபோனேன். நான்கு சிலிண்டர் கம்ப்ரஷனும் அரை பாருக்குள் ஒத்துப்போனது. பிளக் ஓட்டையில் கேமரா விட்டுப் பார்த்தோம், பிஸ்டன் தலையில் வால்வுத் தடம் இல்லை. பழைய ஸ்பிரிங்காக இருந்திருந்தால் கதை வேறு என்றார் அண்ணன். காரணம் கிழிந்துபோன எஞ்சின் மவுண்ட். முழு இழுவையில் எஞ்சின் ஆடி, கியர் கேபிளையும் சேர்த்து இழுத்திருக்கிறது. மவுண்டை இந்த வேலைக்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும்.

அதிலிருந்து ஒவ்வொரு 5000 கிலோமீட்டருக்கும் ஆயில் மாற்றி, ஃபில்டரை வெட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. முதல் தடவை ரம்பத்தால் அறுத்தேன். காகித மடிப்பைப் பிரித்து மொட்டைமாடியில் பழைய நாளிதழ் மேல் விரித்து, அடியில் காந்தத்தை ஓட்டினால் மினுமினு என்று துகள்! இரவெல்லாம் தூக்கமில்லை. மறுநாள் காட்டியபோது அண்ணன் சிரித்துவிட்டார், அது டப்பாவை அறுத்த ரம்பத்தூள். டின் கட்டர் கொடுத்து அனுப்பினார். அதன் பிறகு மூன்று ஃபில்டர் வெட்டியாயிற்று. வெள்ளி நிறத்தில் பவுடர் போலக் கொஞ்சம் இருக்கும், அது சகஜம். செம்பு நிறத்தில் தகடு போல ஏதாவது வந்தால் பேரிங் போகிறது என்று அர்த்தம். இதுவரை வரவில்லை.

ஆயில் குடிப்பது மட்டும் கூடியிருக்கிறது. முன்பு 5000-க்கு அரை லிட்டர் டாப்-அப், இப்போது முக்கால். டிராக் போகும் மாதத்தில் ஒரு லிட்டர்.

கத்திரி வெயிலில் இந்த 400 ஆர்பிஎம்மே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் ஒரு தடவை ஆசைப்பட்டு மதியம் இறங்கினேன். உள்ளே போகும் காற்று 62 டிகிரி, ஈசியூ இக்னிஷனை (ஸ்பார்க் விழும் நேரத்தை) ஆறு டிகிரி பின்னுக்கு இழுத்துவிட்டது. 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டும் அந்த நிலைமை. 6300-க்கு மேல் வெறும் சத்தம். டிசம்பர், ஜனவரி காலை ஏழு மணி என்றால் அதே வண்டி வேறு ஜாதி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கம்பெனி விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது என்பதையும், இன்சூரன்ஸ்காரர் இதைக் கேட்டால் புன்னகைக்க மாட்டார் என்பதையும் தெரிந்தே செய்தேன். ரோட்டில் ஓட்டும்போது 6500 ஃபைல், டிராக்குக்கு மட்டும் 6900 ஃபைல். மாற்ற ஐந்து நிமிடம்.

7 கியர் டிரை கிளட்ச் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் இரண்டு நண்பர்கள் தங்களுக்கும் போடலாமா என்றார்கள். அந்த கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு (முறுக்குவிசை) வடிவமைத்தது, டியூன் செய்த டார்க்கிலேயே அதற்கு மூச்சு முட்டுகிறது. நான் போடமாட்டேன்.

அடுத்த ஃபில்டர் 1,20,000-இல். டின் கட்டர் இன்னும் என் டிக்கியில்தான் கிடக்கிறது. அண்ணன் போன வாரமும் கேட்டார்.