குழந்தைங்களோட க்ரூஸ்: லட்சத்தீவா, புக்கெட்டா, திருகோணமலையா?

க்ரூஸ் போகலாம்னு வீட்ல பேச்சு எடுத்தாலே கப்பல் எவ்ளோ பெருசு, எத்தன ஸ்லைடு இருக்கு, பஃபேல என்னென்ன போடுவாங்க, இதத்தான் எல்லாரும் முதல்ல தேடுறாங்க. சின்னப் புள்ளைங்கள கூட்டிட்டுப் போறவங்க அதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: கப்பல் நின்னதுக்கப்புறம் புள்ளைங்க மணல்ல கால் வைக்க எவ்ளோ நேரம் ஆகும், அங்க இருக்குற தண்ணி அவங்க இறங்கி விளையாடுற தண்ணியா? நம்ம பக்கத்துலருந்து போறதுக்கு தோதா இருக்குற மூணு ரூட்ட இந்தக் கேள்விய வச்சுத்தான் இங்க பாக்கப் போறேன். ஒண்ணு கோர்டிலியாங்குற இந்தியக் கம்பெனியோட கப்பல்ல மும்பைலயோ கொச்சிலயோ ஏறி லட்சத்தீவு, ரெண்டு சிங்கப்பூர்ல ஏறி பினாங்கு, புக்கெட், மூணு அதே கோர்டிலியால சென்னைல ஏறி இலங்கை.

கப்பல் விஷயத்த சீக்கிரம் முடிச்சிடலாம். கோர்டிலியாவோட எம்ப்ரஸ் 1990ல வந்த கப்பல், முன்னாடி ராயல் கரீபியன்கிட்ட ஓடுனது, சுமார் 48,500 டன், இந்தியாவுல 2021 செப்டம்பர்ல ஓட ஆரம்பிச்சுது. சிங்கப்பூர் பக்கம் ராயல் கரீபியன் அனுப்பியிருக்குற ஸ்பெக்ட்ரம், ஆன்தம், ஓவேஷன் எல்லாம் 1,68,000 டன்னத் தாண்டுது, ஒரு ரூமுக்கு ரெண்டு பேர்னு வச்சாலே நாலாயிரம் பேருக்கு மேல. அங்கருந்தே ஓடுற வேற கம்பெனி கப்பல் ஜென்டிங் ட்ரீம் 1,50,000 டன். விளையாட்டு ஐட்டம்ல ரெண்டுக்கும் போட்டியே கிடையாது, அந்த ராயல் கரீபியன் கப்பல்கள்ல பம்பர் கார், அலைச்சறுக்கு, ஆள காத்துல மிதக்க வைக்கிற ட்யூப் வரைக்கும் இருக்கு, எம்ப்ரஸ்ல ஒரு நீச்சல் குளம், ராக் க்ளைம்பிங், குழந்தைங்க ரூம், ராத்திரி ஷோ, அவ்ளோதான்.

ஆனா இங்க ஒரு விஷயம் நிறைய பேருக்கு புக் பண்ணதுக்கப்புறம்தான் தெரிய வருது. ராயல் கரீபியன்ல 6 மாசத்துக்கு கீழ இருக்குற குழந்தைய ஏத்தவே மாட்டாங்க, இலவச கிட்ஸ் க்ளப்புக்கு 3 வயசு ஆகியிருக்கணும், டயப்பர் பழக்கம் விட்டிருக்கணும். டயப்பர் போட்ட குழந்தைய நீச்சல் குளத்துலயும் விட மாட்டாங்க, ஸ்விம் டயப்பர் போட்டாலும் அதேதான். அப்போ ஒன்றரை வயசுக் குழந்தைக்கு அந்தப் பெரிய கப்பல்ல தண்ணி விளையாட்டு ரொம்பக் கம்மி, அது தண்ணில இறங்கணும்னா கரைக்குத்தான் போகணும். கைக்குழந்தை இருக்குற வீட்டுக்கு கப்பல விட துறைமுகம் முக்கியம்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

சரி, கரைக்கு வருவோம்.

லட்சத்தீவு ரூட்ல இறங்குற தீவு அகத்தி, அங்க கப்பல் கரைய ஒட்டி நிக்காது. பவளப்பாறைக்கு வெளிய கடல்லயே நிக்கும், அங்கருந்து சின்ன போட்ல மாறி உள்ள போகணும். கப்பல் கதவுக்கும் போட்டுக்கும் நடுவுல அந்த ஒரு அடி எடுத்து வைக்கிறதுதான் பெத்தவங்களுக்கு வயித்தக் கலக்கும், ஏன்னா போட் அலையோட மேல கீழ போயிட்டே இருக்கும். போட்காரங்க பழக்கப்பட்டவங்க, சரியான நேரம் பாத்து கையப் பிடிச்சு இறக்கிடுவாங்க, ஆனா உங்க ரெண்டு கையும் காலியா இருக்கணும், அதனால ஸ்ட்ரோலர மறந்துட்டு குழந்தைய நெஞ்சோட கட்டிக்கிற கேரியர் எடுத்துக்கோங்க. கடல் கொஞ்சம் முரண்டு பண்ணா அன்னிக்கு இறங்குறதே ரத்தாகலாம், அதுக்கும் மனச தயார் பண்ணிக்கணும். தாத்தா பாட்டி முட்டிவலியோட வர்றாங்கன்னா இந்த ரூட்ட நான் சொல்ல மாட்டேன்.

ஆனா அந்தப் படிய தாண்டிட்டீங்கன்னா, பவளப்பாறைக்கு உள்பக்கம் அமைதியா இருக்குற கடல், லகூன்னு சொல்றது, அது மாதிரி குழந்தைங்களுக்கு ஏத்த கடல் இந்த மூணு ரூட்லயும் வேற எங்கயும் இல்ல. வெளிய இருக்குற பாறைத்திட்டு அலைய அங்கயே உடைச்சிடுது, உள்ள முட்டியளவு இடுப்பளவு தண்ணி ரொம்ப தூரத்துக்கு அப்படியே போகும், அடியில மணல் தெளிவா தெரியும். நாலு வயசுப் புள்ள உக்காந்து தண்ணிய அடிச்சு விளையாடலாம், பத்து வயசுப் புள்ளைக்கு ஸ்நார்க்கல் மாட்டிவிட்டா மேல வரவே மாட்டேன்னும், தண்ணி பயம் இருக்குற புள்ளைக்கு கண்ணாடி அடிப்போட்ட போட் இருக்கு. ஒண்ணே ஒண்ணு, உடைஞ்ச பவளத் துண்டு கால கிழிச்சிடும், ரப்பர் ஷூ கண்டிப்பா வேணும். அப்புறம் அகத்தி மக்கள் வாழுற தீவு, அங்க மது கிடையாது, உடையும் கொஞ்சம் மரியாதையா இருக்கணும், இது எனக்கு குறையா தெரியல, குடும்பத்தோட போறவங்களுக்கு நிம்மதியாத்தான் இருக்கும்.

புக்கெட்லயும் பெரிய கப்பல் பட்டோங் வளைகுடாவுல நங்கூரம் போட்டு டெண்டர் போட்லதான் இறக்குவாங்க. இங்க போட் பெருசு, ஏறி இறங்குறது அகத்திய விட சுலபம், ஆனா ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்துல கிளம்புறதால வரிசை இருக்கும், பசியும் தூக்கமும் வந்த குழந்தைய வச்சுக்கிட்டு அந்த வரிசைல நிக்கிறது பெரிய பாடு. காலைல முதல் போட்லயே போயிடணும், இல்லன்னா சாப்பிட்டு தூங்கி எழுந்து கூட்டம் கொறஞ்சப்புறம் நிதானமா போகணும், நடுவுல மாட்டிக்கக் கூடாது. இறங்குற இடத்துலயே பட்டோங் பீச் இருக்கு, ஆனா கூட்டமும் ஜெட் ஸ்கியும் ஜாஸ்தி, புள்ளைங்களுக்கு கார் பிடிச்சு தெக்கால காட்டா பீச் போறது நல்லது. நவம்பர்லருந்து ஏப்ரல் வரைக்கும் அந்தக் கடல் அமைதி. மே மாசத்துலருந்து அக்டோபர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து நேரா அந்தக் கரைல மோதும், சிவப்புக்கொடி நட்டிருப்பாங்க, அடியில இழுக்குற நீரோட்டம் பெரியவங்களையே உள்ள கொண்டு போயிடும். சிவப்புக்கொடி பாத்தா கால் நனைக்கக்கூட புள்ளைங்கள விடாதீங்க, தயவுசெஞ்சு.

பினாங்கு இதுக்கு நேர் எதிர். ஸ்வெட்டன்ஹம் பியர்ங்குற துறைமுக மேடைய ஒட்டியே கப்பல் நிக்கிறதால ஸ்ட்ரோலரத் தள்ளிட்டே நடந்து வெளிய வந்தா ஜார்ஜ் டவுன், கொஞ்ச தூரத்துல லிட்டில் இந்தியா, க்வீன் ஸ்ட்ரீட்ல 1833ல கட்டுன மாரியம்மன் கோவில், தமிழ்லயே பேசி இட்லி வாங்கிக் குடுக்கலாம், கப்பல் சாப்பாடு பிடிக்காம முகம் சுளிச்ச புள்ள அங்க நல்லா சாப்பிடும். ஆனா பீச்சுக்காக பினாங்க கணக்குல சேக்காதீங்க, பத்து ஃபெரிங்கிங்குற பீச் அங்கருந்து தூரம், தண்ணி கலங்கல், ஜெல்லிமீன் தொந்தரவும் உண்டு. அதனால இந்த சிங்கப்பூர் ரூட்ல உண்மையான பீச் நாள் புக்கெட் மட்டும்தான். டிஸ்னி அட்வெஞ்சர் பத்தியும் கேப்பீங்க, அது சிங்கப்பூர்லருந்து கிளம்பி 3, 4 ராத்திரி கடல்லயே சுத்திட்டு திரும்புற கப்பல், எங்கயும் நிக்காது, பீச் வேணும்னா அது இந்தப் போட்டியிலயே இல்ல.

சென்னை–இலங்கை ரூட் 2023 ஜூன்ல ஆரம்பிச்சுது, ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. மூணுல குழந்தைங்களுக்கு பீச்னா அது திருகோணமலைதான், உப்புவெளியும் நிலாவெளியும் ஆழம் கம்மியான நீளக் கடற்கரை. மே முதல் செப்டம்பர் வரைக்கும் கிழக்குக் கரைல கடல் அடங்கி இருக்கும், அதே நேரத்துல அரபிக்கடலும் புக்கெட்டும் கொந்தளிக்கும், அதனால மழைக்கால மாசத்துல கடல் குளியல் வேணும்னா இந்தப் பக்கம்தான் சரி. கோணேஸ்வரம் கோவிலுக்கு பாறை மேல ஏறிப் போயி கீழ கடலப் பாக்குறதும் புள்ளைங்களுக்கு மறக்காது. ஹம்பாந்தோட்டைல அந்த சீசன்ல கடல் முரடு, அங்க பீச்ச விட்டுட்டு யானை பாக்க சஃபாரி போங்க. காங்கேசன்துறைல இறங்கினா நல்லூர், கீரிமலை, எல்லாப் போர்டும் தமிழ்ல இருக்கும், எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயசுப் புள்ளைங்களுக்கு வெளிநாட்டுல அது தனி சந்தோஷம். சிக்கல் என்னன்னா நம்ம ஸ்கூல் ஜூன்ல திறந்துடுது, செப்டம்பர் கடைசி காலாண்டு லீவுல தேதி கிடைச்சா அதிர்ஷ்டம், அந்த வருஷம் சென்னைல கப்பல் வருதான்னு முதல்ல பாத்துக்கோங்க.

என் கணிப்பு இதுதான். 3 வயசுக்குள்ள குழந்தை, கூட வயசானவங்க வேற வர்றாங்கன்னா டிசம்பர்லருந்து மார்ச்சுக்குள்ள சிங்கப்பூர் ரூட், மெதுவா நடந்து பினாங்கு, முடிஞ்சா புக்கெட். 5லருந்து 12 வயசு, தண்ணினா உயிர விடுற புள்ளைங்கன்னா லட்சத்தீவு, கப்பல்ல விளையாட்டு கம்மின்னு யோசிக்கவே வேணாம், லகூன்ல ஒரு நாள் போதும் அதெல்லாம் ஈடுகட்ட. டீன் ஏஜ்னா சிங்கப்பூர் கப்பலே அவங்கள பாத்துக்கும்.

பேப்பர் வேலைல மட்டும் கவனம். லட்சத்தீவுக்கு பர்மிட் வேணும், கைக்குழந்தைக்கும் சேத்து, அதனால பிறப்புச் சான்றிதழ் ஆதார் எல்லாம் பேர் எழுத்து மாறாம இருக்கான்னு முன்னாடியே பாருங்க. இலங்கைக்கு எல்லாருக்கும் பாஸ்போர்ட், நுழைவு அனுமதி. சிங்கப்பூர் ரூட்ல கப்பல் ஏறும்போது நீங்க நாட்ட விட்டு வெளிய போறீங்க, திரும்ப வரும்போது மறுபடி நுழையுறீங்க, அதனால மல்டிபிள் என்ட்ரி விசா குழந்தைங்க ஒவ்வொருத்தருக்கும் இருக்கான்னு பாத்துட்டு அப்புறமா பணம் கட்டுங்க.