பழைய காருக்கு டேங்க் யூனிட் வாங்கி 7,400 ரூபாயைப் பறிகொடுத்தேன்: தயவுசெய்து கவனமாக இருங்கள்

சென்ற வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் சாலையில், குஞ்சப்பனைக்குச் சற்று மேலே, பெட்ரோல் மீட்டரின் முள் முக்கால் டேங்குக்கு மேல் காட்டிக்கொண்டிருக்கும்போதே என் கார் சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் நின்றது. வண்டியில் எழுபத்தொரு வயதான என் அம்மா இருந்தார். பலா பழுத்திருக்கும் மாதங்களில் அந்தப் பகுதியில் யானைகள் சாலைக்கு இறங்கும் என்பது கோத்தகிரிக்காரர்கள் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படி நிற்பதற்காக நான் கொடுத்த விலை 7,400 ரூபாய். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கார் என் அப்பாவினுடையது. சென்னையில் தயாரான நான்கு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஹெரால்டின் பிறப்பிடமான இங்கிலாந்தில்கூட நான்கு கதவு வைத்த ஹெரால்டு வந்ததில்லை என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார். சில மாதங்களாக அதன் பெட்ரோல் மீட்டர் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. டேங்க் வழிய நிரப்பினாலும் முள் பாதியைத் தாண்டவில்லை. கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதில் நான் தவறு செய்யவில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். டேங்கின் மேலிருந்து, உள்ளே மிதக்கும் மிதவையைக் கொண்டு பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் பாகம்தான் டேங்க் யூனிட். அதிலிருந்து பச்சையில் கறுப்புக் கோடு போட்ட கம்பியைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். முள் காலி என்ற இடத்திலேயே கிடந்தது. அந்தக் கம்பியின் நுனியை, டேங்கிலிருந்து தள்ளி, பாடியில் சில விநாடிகள் மட்டும் எர்த் செய்தபோது முள் மெதுவாக ஏறி நிறைவுக் கோட்டைத் தொட்டது. ஆகவே மீட்டரும் கம்பியும் நல்லவை. பழுது டேங்க் யூனிட்டிலோ அதன் எர்த்திலோ இருக்க வேண்டும். எர்த்துக்கு ஒரு தனிக் கம்பி இழுத்துப் பார்த்தும் மாற்றமில்லை என்பதால் யூனிட்டைக் கழற்றினேன். மிதவையின் கையைக் கீழிருந்து மேலே நகர்த்தி மல்டிமீட்டரில் மின்தடையை அளந்தபோது, கீழே ஏறக்குறைய 250 ஓம், மேலே ஏறக்குறைய 30 ஓம், இடையில் எங்கும் அறுபடாமல் சீராக இறங்கியது. பித்தளை மிதவையைக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் சலசலத்தது. ஊசிமுனை ஓட்டை ஒன்று விழுந்து மிதவை பாதி மூழ்கிக் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். “மிதவையை மட்டும் மாத்துனாப் போதும் சார், மத்ததைத் தொடாதீங்க” என்று எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அன்றே சொன்னார். நான் கேட்கவில்லை.

பழைய வாகனங்களையும் உதிரிபாகங்களையும் தனிநபர்கள் விற்கும் ஒரு இணையத் தளத்தில், “ஹெரால்டு டேங்க் யூனிட், ஒரிஜினல், பிரிக்காத பழைய ஸ்டாக்” என்ற விளம்பரத்தைப் பார்த்தேன். நீலக் கட்டம் போட்ட லுங்கித் துணியின் மேல் வைத்து எடுத்த படம். விலை 8,400 ரூபாய். அழைத்துப் பேசினேன். அந்த மனிதரை நான் நம்பியதற்குக் காரணம் அவருடைய இனிமையான பேச்சு அல்ல. அவர் கேட்ட கேள்வி. “உங்க மீட்டர் ஸ்டெபிலைசர் இருக்குற டைப்பா சார்? சாவி போட்டா முள் டக்குனு எந்திரிக்குதா, மெதுவா எந்திரிக்குதா?” என்று கேட்டார். பேட்டரியின் 12 வோல்ட்டை ஏறக்குறைய 10 வோல்ட்டாகத் தணித்துக் கொடுக்கும் ஸ்டெபிலைசரும், சூடேறி வளையும் இரட்டை உலோகத் தகடும் உள்ள மீட்டரில்தான் முள் சோம்பலாக எழும். இதைக் கேட்கத் தெரிந்தவருக்குத் தொழில் தெரியும் என்று எண்ணிவிட்டேன். பழைய யூனிட்டின் அளவுகளைக் கேட்டார், 250, 30 என்று சொன்னேன். “அச்சு அசல் இதுவும் அதேதான் சார்” என்றார். மிதவையை மட்டும் பற்றவைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் பற்றவைப்பு ஆறு மாதம்கூட நிற்காது என்றார். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் கெடுப்பது உண்மை என்பதால், அந்த உண்மையின் நிழலில் இந்தப் பேச்சும் உண்மையாகவே பட்டது.

பிறகு இரண்டு சலுகைகள் வந்தன. தளத்தின் வழியாகப் பணம் செலுத்தினால் கமிஷன் போய்விடும், அதனால் நேரடியாக யூபிஐயில் அனுப்பச் சொன்னார். பழைய யூனிட்டைக் கொரியரில் அனுப்புவதாக ஒப்புக்கொண்டால் 1,000 ரூபாய் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார். 7,400 ரூபாயை அனுப்பினேன். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த, மிதவை மட்டுமே ஓட்டையான அப்பாவின் யூனிட்டைப் பழைய செய்தித்தாளில் சுற்றி நானே கொரியர் அலுவலகத்துக்கு எடுத்துப்போய்க் கொடுத்தேன். அளந்த கையாலேயே கொடுத்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் பற்களைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஐந்தாம் நாள் பொருள் வந்தது. எந்தக் கம்பெனி முத்திரையும் இல்லை. துளைகள் பொருந்தாமல் எலக்ட்ரீஷியன் அரம் போட்டுத்தான் பொருத்தினார். அப்போது டேங்கில் ஏறக்குறைய பாதி பெட்ரோல் இருந்தது, முள்ளும் பாதிக்கு அருகே நின்றது. சரியாகிவிட்டது என்று மகிழ்ந்தேன். மல்டிமீட்டர் அலமாரியிலேயே இருந்தது, எடுக்கவில்லை.

வியாழக்கிழமை அம்மாவின் கண் பரிசோதனைக்காகக் கோயம்புத்தூர் போனோம். இறக்கத்தில் முள் கொஞ்சம் ஏறியது. சரிவில் பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாயும், மலைச்சாலையில் மீட்டரை யாரும் நம்புவதில்லை, எனவே பொருட்படுத்தவில்லை. ஆனால் கோயம்புத்தூரில் சமதளத்தில் நிறுத்தியபோதும் அது பாதிக்கு மேலேயே நின்றது. ஓட ஓடப் பெட்ரோல் கூடும் கார் உலகத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் மருத்துவமனை வாசலிலிருந்தே விற்றவரை அழைத்தேன். “புது யூனிட் சார், முள் செட்டாக நாலு நாள் ஆகும்; முதல்ல கம்மியாக் காட்டியிருக்கும், இப்பதான் கரெக்டாக் காட்டுது” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் மேட்டுப்பாளையத்துப் பெட்ரோல் பங்க்குகளைத் தாண்டி வந்தேன்.

தேயிலைத் தொழிற்சாலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பிக்கப் வண்டிக்காரர் அம்மாவைத் தம் வண்டியில் உட்கார வைத்து, எங்களை அரவேணு வரை கொண்டுபோய் விட்டார். இரவு காரை மீட்டு வந்தபின் யூனிட்டைக் கழற்றி அளந்தேன். மிதவை கீழே இருக்கும்போது 10 ஓம், மேலே இருக்கும்போது 180 ஓம். அதாவது முற்றிலும் தலைகீழ். எங்கள் மீட்டரில் தடை குறைந்தால் மின்சாரம் கூடி முள் நிறைவை நோக்கி ஏறும். ஆகவே இந்த யூனிட்டைப் போட்டால் டேங்க் காலியாகக் காலியாக முள் ஏறும், நிரப்பினால் இறங்கும். பாதி டேங்கில் மட்டும் இரண்டு வகையும் ஏறக்குறைய ஒரே இடத்தைக் காட்டும். நான் சோதித்தது அந்தப் பாதியில்.

அளவுகளைப் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். எர்த் சரியில்லை என்று முதலில் பதில் வந்தது. பிறகு எலக்ட்ரீஷியன் தப்பாக மாட்டிவிட்டார் என்றார். பிறகு, மீட்டர்தான் இதற்கு ஒத்துவராது, பொருத்தமான மீட்டர் தன்னிடம் இருக்கிறது, 3,200 ரூபாய் அனுப்புங்கள் என்றார். அதைப் படித்தபோது என் கை நடுங்கியது. 7,400 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், அப்பாவின் பழைய யூனிட்டையாவது திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டேன். அது “ஸ்கிராப்புக்குப் போயிருச்சு” என்றார். அடுத்த நாள் முதல் என் எண் தடுக்கப்பட்டிருக்கிறது. பணம் தங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை என்பதால் எதுவும் செய்ய இயலாது என்று அந்தத் தளத்திலிருந்து ஒரே வாசகம் மூன்று முறை வந்தது. இணைய மோசடிகளுக்கான உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் பதிவு செய்திருக்கிறேன். 7,400 ரூபாய் இன்னும் வரவில்லை.

இப்படிப்பட்ட பொருளை எப்படிச் சரிபார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். அதற்கு இப்போது மனம் ஓடவில்லை. யூனிட் கைக்கு வந்ததும் பொருத்துவதற்கு முன்பே மிதவையைக் கீழும் மேலும் நகர்த்தி ஓம் அளவைப் பாருங்கள். பழையதன் அளவோடு திசையும் ஒத்துப்போக வேண்டும். பாதி டேங்கில் சோதித்துத் திருப்தி அடையாதீர்கள். மீட்டரை நம்பும்வரை ஓடோமீட்டர் எண்ணைக் குறித்து வைத்துப் பெட்ரோல் போடுங்கள். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். புதியது சரியாக வேலை செய்யும்வரை பழையதைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள்.

நேற்று இரவு அதே தளத்தில், வேறு பெயரில், 6,900 ரூபாய் விலையில் மீண்டும் ஒரு ஹெரால்டு டேங்க் யூனிட் விளம்பரம் வந்திருக்கிறது. அதே நீலக் கட்டம் போட்ட லுங்கி. இந்த முறை அதன் மேல் இருப்பது, ஓட்டை மிதவையோடு நான் செய்தித்தாளில் சுற்றி அனுப்பிய அப்பாவின் யூனிட்.