பலநாள் போட்டில் அசிட் பற்றரி: நான் ஏன் இன்னும் மாறவில்லை

வாழைச்சேனைத் துறைமுகத்தில் நிற்கிற எங்கள் பலநாள் மீன்பிடிப் போட்டில் எஞ்சின் ஸ்டார்ட்டுக்கு ஒன்று, விளக்கு, ஜிபிஎஸ், ரேடியோவுக்கு இரண்டு என்று அசிட் பற்றரிகள்தான் வருடக்கணக்காக ஓடுகின்றன. மூடிய பற்றரிக்கு மாறச் சொல்லிப் பலர் கேட்டுவிட்டார்கள். எனக்கோ மூடி கழற்றி உள்ளே பார்க்க முடிகிற பற்றரிதான் வேண்டும்.

போன வாடை தொடங்குமுன் ஒரு பற்றரியில் ஹைட்ரோமீற்றர் (அசிட்டின் அடர்த்தி காட்டும் கருவி) விட்டுப் பார்த்தேன். ஆறு அறைகளில் ஐந்தில் 1.250, மூன்றாவது அறையில் மட்டும் 1.180. திரும்ப முழுச் சாஜ் போட்டும் அந்த அறை ஏறவில்லை. வோல்ட் மீற்றர் 12.5க்குக் கிட்டக் காட்டிக்கொண்டே இருந்தது! மூடிய பற்றரி என்றால் இந்தக் கோளாறு ஆழ்கடலில்தான் தெரிய வந்திருக்கும்.

ஆனால் அசிட் பற்றரியைக் கவனமாக வைத்திருக்க வேண்டும். சாஜ் 14.4 வோல்ட்டை நெருங்கும்போது அறைகள் குமிழி விடும், ஐதரசன் கிளம்பும். காற்றில் அது 4 வீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். பொடியன்கள் படுப்பதும் காஸ் அடுப்பில் சோறு ஆக்குவதும் பக்கத்திலேதான். ஐதரசன் மேலே போகிற வாயு, அதனால் பற்றரிப் பெட்டி மூடியின் உயர்ந்த மூலையிலிருந்து குழாயை வெளியே விட்டிருக்கிறோம். காற்று உள்ளே வரக் கீழே ஒரு துளை. குழாய் எங்கும் தொய்யக் கூடாது, தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கி வழியை அடைத்துவிடும். பெட்டி திறக்கிற நேரம் சிகரெட் கிடையாது. சாச்சரை நிறுத்திய பிறகுதான் கிளிப்பைக் கழற்றுவோம், வயர் கழற்றினால் முதலில் நெகட்டிவ்.

கடல் தண்ணீர் உள்ளே போனால் குளோரின் வாயு வரும். அதனால் பெட்டியை அடித்தட்டில் வைக்காமல் உயர்த்தி, பட்டி போட்டு இறுக்கியிருக்கிறோம். எஞ்சினுக்குத் தள்ளியும் வைத்தோம், சூடு 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகிவிடும்.

வடித்த தண்ணீர் மட்டும்தான் ஊற்றுவோம், அதுவும் சாஜ் ஏறிய பிறகு. தகடு வெளியே தெரிந்தால் மட்டும் முன்கூட்டியே, தகடு மூடுமளவுக்கு. கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வெளியே சிந்திய அசிட்டுக்கு அப்பச்சோடாக் கரைசல் நல்லது, ஆனால் ஒரு துளிகூட அறைக்குள் போகக் கூடாது. அப்புறம், கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் மூடியில் கை வைக்காதீர்கள்.

வாடைக்குப் போட் கட்டிக் கிடக்கும்போது சாஜ் போட்டுப் பார்க்க ஆள் இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம். சும்மா கிடந்தே சாஜ் இறங்கி, தகட்டில் சல்பேற்று கட்டிவிடும். அவர்களுக்கு மூடிய பற்றரியே சரி.