மேகப்புண்ணுக்கு லாட்ஜில் வாங்கிய லேகியம்: ஓர் எச்சரிக்கை

ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ற ஆனியில் என் உறுப்பில் வலியே இல்லாத புண் ஒன்று தோன்றியது. குடியாத்தத்தில் எங்கள் குடும்ப மருத்துவர் அப்பாவுடன் படித்தவர் என்பதால் அவரிடம் காட்டத் துணியாமல், மேக நோய்களை இரகசியமாகக் குணமாக்குவதாகச் சுவரொட்டி ஒட்டியிருந்த ஒரு ‘பரம்பரை வைத்தியரை’த் தேடி வேலூரில் ஒரு லாட்ஜின் படியேறினேன். இரகசியம் என்ற சொல்லுக்காகவே போனேன்.

அவர் புண்ணைப் பார்க்கவில்லை, நாடி பிடித்தார். பழக்கம் ஓர் ஆணோடு என்றதும் குரல் மாறியது. நரம்புத் தளர்ச்சியால்தான் புத்தி அப்படிப் போகிறது, புண்ணோடு அதையும் மாற்றிவிடலாம் என்று சொல்லி, ஒரு மண்டலத்துக்கு லேகியமும் சூரணமும் கொடுத்து 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். ரசீது கிடையாது.

நான்காம் வாரம் புண் ஆறியது. நன்றியோடு இரண்டாம் மண்டலத்துக்கும் பணம் கட்டினேன். மேகப்புண் என்று சொல்லப்படும் சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் புண் மருந்தே இல்லாமல் மூன்று முதல் ஆறு வாரங்களில் தானாக ஆறிவிடும், கிருமி மட்டும் உள்ளேயே தங்கும் என்பது அன்று எனக்குத் தெரியாது. ஆறு வாரம் 42 நாள், மண்டலம் 48 நாள் என்ற கணக்கைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இத்தகைய நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

புரட்டாசியில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத செம்புள்ளிகள் வந்த பிறகே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போனேன். பால்வினை நோய்ப் பிரிவு மருத்துவர் நான் சொன்னதை முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டு, சிபிலிஸைக் கண்டறிய இரத்தத்தில் விடிஆர்எல் பரிசோதனை செய்யச் சொன்னார். எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் என் ஒப்புதல் பெற்றே எச்.ஐ.வி. பரிசோதனை செய்தார்கள், ஒப்புதலும் இரகசியமும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமைகள். நல்லவேளையாக அது இல்லை. சிபிலிஸுக்கு 24 லட்சம் யூனிட் பென்சிலின், இரு புட்டத்திலும் பாதிப்பாதியாக, ஒரே நாளில். இரண்டு நாள் உட்கார முடியவில்லை. செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே.

குணமாகிவிட்டது என்று நம்பிய அந்த மாதங்களில் நான் பழகிய நண்பரிடம் இதைச் சொல்லப் பத்து நாள் தயங்கினேன். அவருக்கும் தொற்று இருந்தது. அவருக்கும் அதே ஊசி போட்டார்கள். நேரில் போகக் கூசுபவர்கள் முதலில் 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண்ணில் பேசலாம். அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்தே போகிறோம்.