ரேடியேட்டரா, ஸ்டீயரிங் ஆயிலா: எதை ஒட்டலாம், எதை மாற்ற வேண்டும்?

வண்டி நின்ற இடத்தில் ஈரத்தைப் பார்த்ததும் "பற்றவைக்க எவ்வளவு, புதுசு எவ்வளவு" என்று விசாரிக்கக் கிளம்பிவிடுகிறோம். ஒழுகுவது எது, எங்கேயிருந்து என்று தெரியாமல் விலையை ஒப்பிட்டுப் பயனில்லை. பழைய ஸ்கார்பியோ, சஃபாரி மாதிரி ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டிகளில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டும் ஸ்டீயரிங் ஆயிலும் முன்பக்கம் ஒரே இடத்தைச் சுற்றித்தான் ஓடுகின்றன. புது வண்டிகள் பலவற்றில் ஸ்டீயரிங் மோட்டாரில் இயங்குகிறது. அதில் ஆயிலே கிடையாது, அந்தக் கவலை இல்லை.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கூலண்ட் பச்சையிலும் வரும், சிவப்பிலும் வரும். ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயிலும் பெரும்பாலும் சிவப்புதான். ராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். சொட்டியதில் கொஞ்சம் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கூலண்ட் என்றால் கரைந்துவிடும், ஸ்டீயரிங் ஆயில் என்றால் மேலே மிதக்கும். நிறமில்லாத வெறும் தண்ணீர் ஏசியிலிருந்து வருவது, அதை விட்டுவிடலாம். சக்கரத்தின் உட்புறத்தில் வழுவழுப்பாக ஏதாவது கசிந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியென்றால் வண்டியை எடுக்கவே கூடாது. கூலண்ட் தேங்கிய இடத்தை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் கொடிய விஷம். தெருநாயும் பூனையும் நக்கிவிட்டுச் செத்துப்போகும்.

ஓடும்போது காற்று திரவத்தைப் பின்னால் தள்ளிவிடும். அதனால் சொட்டு விழும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்காது. முன்பக்கத்தை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு வண்டியை ஓட விட்டு, ஈரம் தெரியும் ஆக உயரமான இடத்தைத் தேட வேண்டும்.

கூலண்ட் ஒழுகலைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு: கண்ணால் பார்ப்பது, பிரஷர் டெஸ்டர், புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம். என் ஓட்டு பிரஷர் டெஸ்டருக்கு. இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றி அந்த இடத்தில் கருவியை மாட்டி, மூடியில் 0.9 என்றோ 1.1 என்றோ போட்டிருக்கும் பார் அளவுக்குக் கையால் பம்ப் அடித்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். முள் இறங்கினால் எங்கேயோ கசிவு இருக்கிறது. இன்ஜின் ஓடாததால் ஃபேனுக்குப் பயப்படாமல் அங்குலம் அங்குலமாகப் பார்க்கலாம். சூடானால் மட்டும் விரியும் மயிரிழை விரிசலுக்குத்தான் சாயம் தேவைப்படும். மூடியையும் அதே கருவியில் சோதிக்கச் சொல்லுங்கள். மூடியின் ரப்பர் போனதற்கு ரேடியேட்டரையே மாற்றியவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு.

முள் இறங்குகிறது, வெளியே ஈரமே இல்லை என்றால் இரண்டு சந்தேகங்கள். காலடி விரிப்பு பிசுபிசுப்பாக நனைந்திருந்தால் ஹீட்டர் கோர், அதாவது வண்டிக்குள் சூடு தரும் குட்டி ரேடியேட்டர். விரிப்பு காய்ந்திருக்கிறது, ரிசர்வாயரில் குமிழி வருகிறது, புகை வெள்ளையாக இருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. அப்போது ரேடியேட்டர் கடைக்குப் போவதில் அர்த்தமில்லை.

ஓட்டை ரேடியேட்டரில்தான் என்று உறுதியாகிவிட்டதா? இனி ஒப்பிடலாம்.

லாரிக்காரர்களின் பழைய கைவைத்தியம் மஞ்சள் பொடி. அது ஊசித்துளையில் போய் அடைத்துக்கொள்ளும், அதில் பொய் இல்லை. கடையில் விற்கும் லீக் அடைக்கும் பொடிகளும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் ஓட்டையை மட்டும் பார்த்து அடைக்க அந்தப் பொடிக்குத் தெரியாது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் ஹீட்டர் கோரிலும் போய்ப் படிந்துவிடும். நாங்குநேரி தாண்டி நடுச்சாலையில் நின்றுவிட்டால், வள்ளியூர் வரை போய்ச் சேர அது உதவும். அவ்வளவுதான், மறுநாளே வடித்து அலசிவிட வேண்டும்.

பழைய ஜீப் காலத்து வண்டிகளில் இருப்பது செம்பு, பித்தளை ரேடியேட்டர். அதற்கு ஈயம் வைத்துப் பற்றவைப்பது நல்ல வேலை, அரைகுறை வேலை இல்லை. கைதேர்ந்தவர் டேங்கைக் கழற்றி, குழாய்களுக்குள் கம்பி விட்டு உப்பையும் எடுத்துவிடுவார். இந்த ரேடியேட்டர் வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டுப் புதியதுக்குப் போக வேண்டாம்.

இப்போதைய எஸ்யூவிகளில் அலுமினியக் கோரும் (நடுவில் குழாய்கள் இருக்கும் பகுதி) பிளாஸ்டிக் டேங்கும். இரண்டும் சேரும் மடிப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கூலண்ட் காய்ந்து வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டியிருந்தால் கசிவு அங்கேதான். கேஸ்கட் மட்டும் போயிருந்து பிளாஸ்டிக் இன்னும் உறுதியாக இருந்தால், மடிப்பைத் திறந்து கேஸ்கட் மாற்றலாம். பிளாஸ்டிக்கே வெடித்திருந்தால் எபாக்ஸி பசையை எவ்வளவு அப்பினாலும் பலன் இல்லை. சூட்டில் பிளாஸ்டிக் விரிகிறது, ஆறினால் சுருங்குகிறது, பசை அதோடு சேர்ந்து அசையாது. பல வருடச் சூட்டில் நொறுங்கத் தொடங்கிய டேங்க் இன்று ஓரிடத்தில் விட்டால் அடுத்து வேறிடத்தில் விடும். அதனால் புதியதுதான். கம்பெனி ரேடியேட்டரா, வெளிச்சந்தை ரேடியேட்டரா என்றால், வெளிச்சந்தையிலும் நல்லவை கிடைக்கின்றன. கோரின் தடிமனையும் மாட்டும் காதுகளையும் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். எடை குறைவாக, கோர் மெல்லியதாக இருந்தால் மலை ஏறும்போது அது தெரிந்துவிடும்.

மலையைச் சும்மா சொல்லவில்லை. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பாதையில் முதல் கியர், இரண்டாம் கியர்தான். வேகம் இல்லாததால் எதிர்க்காற்றும் இல்லை, ஃபேன் ஒன்றையே நம்பிப் போக வேண்டும். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 107 டிகிரியில் கொதிக்கும். 1 பார் அழுத்தத்தில் 125ஐத் தாண்டும். ஊசித்துளை அளவுக்கு ஒழுகல் இருந்தாலும் அந்த அழுத்தம் நிற்காது. திருநெல்வேலி ஊருக்குள், வண்ணார்பேட்டைக்கும் டவுனுக்கும் ஓடும்போது ஒன்றும் காட்டாத வண்டி, அங்கே பாதி ஏற்றத்தில் முள்ளைச் சிவப்பில் கொண்டுபோய் நிறுத்துவது இதனால்தான். அந்தச் சமயத்தில் மூடியில் கை வைக்கவே கூடாது. அப்புறம், ராதாபுரம், திசையன்விளை பக்கத்துப் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவதை தயவுசெய்து நிறுத்துங்கள். உப்புப் படிந்து குழாய் அடைவது அதனால்தான். கூலண்டோடு கலக்க பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும், விலையும் அதிகமில்லை.

அதே மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்க வேண்டியிருக்கிறது. அப்போது பம்பிலிருந்து ஸ்டீயரிங் ஆயிலைக் கொண்டுபோகும் பிரஷர் லைனில் 70 முதல் 100 பார் வரை அழுத்தம் ஏறும். ரேடியேட்டரில் இருப்பது 1 பார். ஸ்டீயரிங் ஒழுகலில் எதை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது என்பதற்கு இந்த வித்தியாசம் ஒன்றே போதும்.

ஆயில் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸில் அழுத்தம் மிகக் குறைவு. அதில் கசிவு என்றால் ஒரு துண்டு ஆயில் ஹோஸும் இரண்டு புது கிளிப்பும் போட்டால் வேலை முடிந்தது, இதற்குப் போய் அசெம்ப்ளியாக மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிரஷர் ஹோஸ் வேறு கதை. அதில் கிளிப்பும் நிற்காது, பசையும் நிற்காது. தெறிக்கும் ஆயில் சூடான சைலன்சர் குழாயில் பட்டால் தீப்பிடிக்கும். இதற்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, கம்பெனி ஹோஸ். இன்னொன்று, ஜேசிபிக்கும் நெல் அறுவடை இயந்திரத்துக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடைகள். பழைய ஹோஸின் இரும்பு முனைகளைக் கொண்டுபோனால் அதற்கேற்ற ஹோஸை மெஷினில் அழுத்திக் கொடுப்பார்கள். ஹோஸ் மேலே அச்சிட்டிருக்கும் அழுத்த அளவையும் சூடு தாங்கும் அளவையும் நாமே படித்துப் பார்த்துவிட வேண்டும். பாகம் வர நாளாகும் வண்டிகளுக்கு நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன்.

ஸ்டீயரிங் பம்பில் கசிவு என்றால் அதன் பெல்ட் ஓடும் புல்லிக்குப் பின்னால் ஈரம் தெரியும். அது ஷாஃப்ட் சீல், பம்பின் சுழலும் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் அடைப்பு. சீல் மட்டும் மாற்றலாம். திருப்பும்போது பம்ப் முனகுகிறது, ஆயிலில் பளபளவென்று இரும்புத் தூள் வருகிறது என்றால் பம்பையே மாற்றுங்கள்.

செலவு கூடுவது ரேக்கில், அதாவது முன்சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் பாகத்தில். "அண்ணாச்சி, ரேக்கு போயிட்டு, புதுசு போட்டுருவோம்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம், ரேக்கின் ஓரத்து ரப்பர் பெல்லோஸ் கிளிப்பை அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். சிவப்பு ஆயில் கொட்டினால் உள் சீல் போய்விட்டது. காய்ந்திருந்தால் ஒழுகல் வேறெங்கோ இருக்கிறது, அதையும் தேடச் சொல்லுங்கள். சீல் கிட்டா, புது ரேக்கா என்பதை முடிவு செய்வது உள்ளே இருக்கும் பளபளப்பான தண்டு. விரல் நகத்தை அதன்மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயும் தட்டாவிட்டால் சீல் கிட் போதும். துருவோ கீறலோ தட்டினால் புது சீலையும் அது கிழித்துவிடும். பெல்லோஸ் கிழிந்த வண்டி தேரிக்காட்டுச் செம்மணலில் ஓடியிருந்தால் கீறல் இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ரீகண்டிஷன் ரேக் வாங்குவதென்றால், தண்டைப் புதுப்பித்தார்களா, சீல் மட்டும் மாற்றிப் பெயின்ட் அடித்தார்களா என்று கேட்டு எழுத்தில் வாரண்டி வாங்குங்கள். அது கிடைக்கவில்லை என்றால் புதிய ரேக்தான் சரி.

கசிவை நிறுத்தும் திரவம் பழைய ரப்பரைக் கொஞ்சம் உப்பவைக்கும். லேசாகக் கசியும் சீலுக்குச் சில காலம் தாங்கும், கிழிந்த சீலை ஒன்றும் செய்யாது. மாற்றாமல் ஆயிலை மட்டும் நிரப்பிக்கொண்டே ஓட்டுவதிலும் ஆபத்து உண்டு. பம்புக்கு மசகும் அந்த ஆயில்தான், ஒருநாள் மறந்தால் பம்பும் சேர்ந்து போகும். அவசரத்துக்கென்று பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், எல்லா சீலும் கெட்டுவிடும். ஸ்டீயரிங் ஆயில் டப்பாவின் மூடியிலோ கையேட்டிலோ எந்த ஆயில் போட்டிருக்கிறதோ அதுதான்.

இரண்டும் ஒன்றாக ஒழுகி, கையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பிரஷர் ஹோஸ் முதலில், அது தீ சம்பந்தப்பட்டது. ஹோஸ் நன்றாக இருந்து ரேக் மட்டும் கசிந்தால் ரேடியேட்டரை முதலில் பாருங்கள். ரேக்கைக் கழற்றி மாட்டியபின் முன்சக்கரங்களைத் தூக்கி வைத்து, இன்ஜினைப் போடாமலே ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். நுரை அடங்கிய பிறகு இன்ஜினைப் போட்டு அதையே இன்னொரு முறை செய்துவிட்டு, நேராக அலைன்மென்ட் கடைக்குப் போய்விடுங்கள்.