ஊர்ந்து போகும்போது எது வழுக்குகிறது? நாள்பட்ட ஓட்டத்தில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்கள்

டெஸ்ட் டிரைவில் கிடைப்பது பத்து நிமிடம், அதுவும் காலியான சாலை. அந்தப் பத்து நிமிடத்தில் எந்த ஆட்டோமேட்டிக்கும் குறை சொல்ல முடியாதபடிதான் ஓடும். 60,000 கி.மீ. தாண்டும்போதுதான் எது உழைக்கிறது, எது செலவு வைக்கிறது என்று தெரியும். கியர்பாக்ஸைத் தேய்ப்பது வேகம் அல்ல, ஊர்ந்து போவது. நெடுஞ்சாலையில் 100-ல் போகும் வண்டியின் கியர்பாக்ஸ் கிட்டத்தட்ட ஓய்வில் இருக்கிறது. மாலை ஏழு மணிக்குச் சென்னைப் பெருங்களத்தூரில் 4 கி.மீ. வேகத்தில் நகரும் வண்டியின் கியர்பாக்ஸ்தான் வேலை செய்கிறது.

இன்ஜினை ஏறக்குறைய 700, 800 ஆர்பிஎம்முக்குக் கீழே இறக்கினால் நின்றுவிடும். சக்கரமோ அதைவிட மிக மெதுவாக உருள வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று ஸ்லிப் ஆகியே தீர வேண்டும். ஸ்லிப் ஆனால் சூடு வரும். அந்தச் சூட்டைத் தாங்குவது எது, அது எங்கே போய் இறங்குகிறது என்பதுதான் ஒரு கியர்பாக்ஸின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. விளம்பரத்தில் எத்தனை ஸ்பீடு என்று பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

டார்க் கன்வெர்ட்டர் வண்டிகளில் ஸ்லிப் ஆவது ஆயில். இன்ஜின் பக்கத்து விசிறி ஆயிலைத் தள்ளுகிறது, அந்த ஓட்டம் எதிர்ப்பக்க விசிறியைச் சுழற்றுகிறது. கிளம்பும்போது தட்டும் தட்டும் உரசுவதே இல்லை. நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் இழுவையைக் கூட்டியும் கொடுக்கிறது. சூடு முழுவதும் ஆயிலில் ஏறி, கூலரில் இறங்கிவிடும். இன்னோவா கிரிஸ்டா, கிரெட்டா டீசல், 2022-க்குப் பிந்தைய பிரெஸ்ஸா ஆகியவற்றின் 6 ஸ்பீடு எல்லாம் இந்த வகை. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி வெண்ணெய் போல நகரும். பார்க்கிங்கில் அங்குலம் அங்குலமாக நகர்த்த இதைவிட நல்லது கிடையாது. பழைய எர்டிகாவில் வந்த 4 ஸ்பீடு ஓட்டத்தில் சலிப்பூட்டும்: ஓவர்டேக்குக்கு அழுத்தினால் ஒரேயடியாகக் கீழே இறங்கி இன்ஜின் கத்தும், அடுத்த கியர் வர நேரமாகும். ஆனாலும் உழைப்பில் அதைக் குறைசொல்ல இடமில்லை.

இந்த வகையைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரு வார்த்தைதான்: 'லைஃப்டைம் ஆயில்'. மாற்றவே வேண்டாம் என்று சொல்லப்படும் ஆயில் நம்மூர் வெயிலிலும் நெரிசலிலும் 60,000 கி.மீ.க்குள் கறுத்துவிடும். முதல் அறிகுறி லாக்-அப் கிளட்சில் (சீரான வேகத்தில் ஸ்லிப்பைத் தவிர்க்க கன்வெர்ட்டரின் இரு பக்கத்தையும் சேர்த்துப் பூட்டும் கிளட்ச்) வரும். ஒரே சீரான வேகத்தில், 50 கி.மீ.யை ஒட்டி, ஆக்ஸிலரேட்டரை லேசாக வைத்துப் போகும்போது, சாலையில் போட்டிருக்கும் வரிவரியான ரம்பிள் ஸ்ட்ரிப் மீது ஏறியது போல ஒன்றிரண்டு நொடி 'தடதட'வென்று அதிரும். காலைச் சற்று அழுத்தினால் போய்விடும். டயர் என்றும் வீல் பேலன்சிங் என்றும் நினைத்து இதற்குப் பணம் செலவழிப்பவர்கள் அதிகம். இந்தக் கட்டத்தில் ஆயிலை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆறு மாதம் தள்ளிப்போட்டால் லாக்-அப் லைனிங் உதிர்ந்து, அந்தத் துகள் வால்வ் பாடிக்குள் (ஆயிலைத் திருப்பிவிட்டு கியரை மாற்றும் பகுதி) போய்ச் சிக்கும். அப்புறம் ஆயிலோடு முடியாது.

ஆயில் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. டிரெயின் பிளக்கைத் திறந்தால் ஏறத்தாழ பாதிக்கும் குறைவாகத்தான் இறங்கும். மீதி கன்வெர்ட்டருக்குள்ளேயே நிற்கும். அதனால் ஒருமுறை மாற்றி, சில நூறு கி.மீ. ஓட்டி, மறுபடி மாற்றுவது நல்லது. இரண்டாவது, அளவு. டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) இல்லாத கியர் பெட்டிகளில் வண்டியை மட்டமாகத் தூக்கி, இன்ஜின் ஓடும்போது, ஆயில் சூடு குறிப்பிட்ட அளவில் இருக்கையில் (அய்சின் கம்பெனி தயாரிக்கும் பல பெட்டிகளுக்கு 35 முதல் 45 டிகிரி) ஓவர்ஃப்ளோ பிளக்கில் சொட்டுச் சொட்டாக வழிகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்கேனரை மாட்டிச் சூட்டைப் பார்க்காமல், கொதிக்கும் ஆயிலில் பிளக்கைத் திறந்து அளவு வைத்தால் ஆயில் குறைந்துதான் நிற்கும். ஆயில் மாற்றிய பிறகு கியர் விழத் தாமதமாகிறது என்று வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதே ஒற்றை உலர் கிளட்ச், அதே கியர்கள். கிளட்ச் மிதிக்கும் காலும் கியர் போடும் கையும் மட்டும் இயந்திரம். 2014-ல் மாருதி செலேரியோ இதை மலிவு விலைக்குக் கொண்டுவந்தது. அதில் கிளட்சையும் கியரையும் இயக்கியது மேக்னெட்டி மரெல்லியின் ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர், அதாவது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் இயக்கி. ஹூண்டாய் தன் ஏஎம்டியில் ஹைட்ராலிக்கை விட்டுவிட்டு மின் மோட்டார்களை வைத்தது. எதுவாக இருந்தாலும் ஸ்லிப் ஆவது காய்ந்த தட்டு. சூட்டை வாங்க ஆயில் இல்லை, காற்று மட்டும்தான்.

ஓட்டும்போது ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறுகையில் இழுவை அறுந்து தலை முன்னால் ஆடும். இது கோளாறு அல்ல, அமைப்பே அப்படி: கிளட்ச் பிரிந்து, கியர் மாறி, மறுபடி கிளட்ச் சேரும் வரை சக்கரத்துக்கு இழுவை கிடையாது. இன்ஜின் 2,000 ஆர்பிஎம்மைத் தாண்டும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை ஒரு கணம் தளர்த்தினால் கியர் வழுவழுவென்று விழும். ஒரு வாரத்தில் கால் பழகிவிடும். பழகாதவர்கள் காலை அழுத்தியே வைத்து வண்டியைத் திட்டுகிறார்கள்.

ஏஎம்டி கிளட்சைக் கொல்வது இரண்டு பழக்கம். மேட்டில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரால் வண்டியை நிறுத்தி வைப்பது ஒன்று. டார்க் கன்வெர்ட்டரில் இப்படிச் செய்தால் ஆயில் சூடாகும். ஏஎம்டியில் சில நிமிடங்களில் எரிந்த வாடை வரும், அவ்வளவுதான் கிளட்சுக்கு மரியாதை. இரண்டாவது, முன்வண்டி ஓரடி நகர்ந்தால் நாமும் ஓரடி நகர்வது. இடைவெளி ஒரு வண்டி நீளத்துக்கு வரட்டும், பிறகு ஒரே மூச்சில் நகர்ந்து நில்லுங்கள். கிளட்ச் முழுதாகச் சேரும் வாய்ப்பு அப்போதுதான் கிடைக்கும். நீண்ட சிக்னலில் நியூட்ரலுக்குப் போவது ரிலீஸ் பேரிங்குக்கும் (கிளட்சைப் பிரித்துப் பிடிக்கும் பேரிங்) நல்லது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற ஏற்றத்தில் மேனுவல் மோடுக்கு மாற்றி, வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தானியங்கி மோடில் விட்டால் வளைவின் நடுவில் கியர் மாற்றப் பார்க்கும், இழுவை அங்கேயே அறும்.

ஹைட்ராலிக் ஏஎம்டியில் காதால் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஓட்டுநர் கதவைத் திறந்ததும் பானெட்டுக்குள் 'ஜ்ஜ்ஜூம்' என்று ஒரு பம்ப் ஓடும். ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் சேர்க்கிறது. சில நொடியில் நின்றுவிட வேண்டும். வண்டி சும்மா நிற்கும்போதே அது நின்று நின்று அடிக்கடி ஓடினால் அழுத்தம் தங்கவில்லை என்று பொருள்: அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டர் போயிருக்கும், அல்லது எங்கோ ஆயில் கசிகிறது. இதைக் கவனிக்காமல் விட்டால் பம்ப் மோட்டாரும் சேர்ந்து போகும். கிளட்ச் செட் மாற்றினால், ஸ்கேனர் வைத்து கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கணினிக்குக் கற்பிக்கும் வேலையைச் செய்தே ஆக வேண்டும். அதைச் செய்யாத ஒர்க்ஷாப்பிலிருந்து வரும் வண்டி, புதுக் கிளட்ச் போட்டும் பழையதைவிட மோசமாகக் குலுங்கும்.

ஓட்டும் சுகத்தில் முதலிடம் டிசிடிக்கு (டூயல் கிளட்ச் டிரான்ஸ்மிஷன்). இரண்டு கிளட்ச், ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, இன்னொன்று இரட்டைப்படைக்கு. அடுத்த கியர் முன்பே தயாராக நிற்பதால் மாற்றம் நடந்ததே தெரியாது. நெடுஞ்சாலையில் 80-லிருந்து 120-க்கு ஏறும்போது இதற்கு இணை இல்லை. ஆனால் உலர் கிளட்ச் டிசிடியில் ஊர்ந்து போவதைத் தாங்குவது ஏஎம்டியில் இருக்கும் அதே காய்ந்த தட்டுதான்; அதோடு 5-க்கும் 15 கி.மீ.க்கும் நடுவே முதல் கியரா இரண்டாவதா என்று அது தடுமாறிக்கொண்டே இருக்கும்.

ஃபோக்ஸ்வேகனின் 7 ஸ்பீடு உலர் டிசிடியான டிகியூ200-ஐ எடுத்துக்கொள்ளலாம். 2008-ல் அறிமுகமானது, தாங்கும் இழுவை 250 நியூட்டன் மீட்டர். இன்றைய டைகன், விர்ட்டஸில் இருக்கும் 1.5 டிஎஸ்ஐ இன்ஜின் தருவதும் சரியாக 250. ஒதுக்கமே இல்லாத கணக்கு இது. சீனாவில் புகார்கள் குவிந்து, 2012-ல் டிஎஸ்ஜி (டிசிடிக்கு ஃபோக்ஸ்வேகன் வைத்த பெயர்) பெட்டிகளுக்கு வாரண்டியை 10 ஆண்டு, 1,60,000 கி.மீ. என்று நீட்டினார்கள். 2013 நவம்பரில் உலக அளவில் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, பெட்டிக்குள் இருந்த சிந்தெட்டிக் ஆயிலை மினரல் ஆயிலாக மாற்றினார்கள். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊரில் நின்று நின்று போகும் வண்டிகளில் மின் கோளாறு வருகிறது என்பதே அதற்குச் சொன்ன காரணம். சென்னையைக் கண்முன் நிறுத்த வேறு வர்ணனை தேவையில்லை. பின்னாளில் வந்த பெட்டிகள் மேம்பட்டவை, உண்மைதான். ஆனாலும் கிளட்சையும் கியரையும் இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட்டில் அழுத்தம் இறங்கினால், முன்னறிவிப்பின்றி டேஷ்போர்டில் கியர் எழுத்து மின்னி, வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும்.

ஃபோர்டின் பவர்ஷிஃப்டும் உலர் டிசிடிதான். இன்புட் ஷாஃப்ட் சீல் கசிந்து காய்ந்த தட்டில் ஆயில் பட்டதும், கட்டுப்பாட்டுக் கணினி செயலிழந்ததும் அதன் பிரபலமான நோய்கள். ஆஸ்திரேலியாவில் அந்தப் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-ல் ஃபோர்டுக்கு 1 கோடி டாலர் அபராதம் விழுந்தது. 2017-ல் புதுப்பித்த ஈகோஸ்போர்ட் பெட்ரோலில் 6 ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர் வந்தது. 2020-ல் போலோவும் டிகியூ200-ஐ விட்டு டார்க் கன்வெர்ட்டருக்குப் போனது. இரண்டு கம்பெனிகளும் நம் சந்தையிலேயே எடுத்த முடிவுகள் இவை. எந்தக் கருத்துக்கணிப்பையும்விட இவற்றுக்கு எடை அதிகம்.

கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும் ஈர டிசிடி வேறு கதை. சூடு ஆயிலுக்குப் போய்விடும். டாடா அல்ட்ரோஸில் 2022-ல் வந்தது இந்த வகை. ஃபோக்ஸ்வேகனின் டிகியூ250-க்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் நல்ல உழைப்பு.

சிவிடியில் கியர்களே கிடையாது. இரண்டு கூம்புப் புல்லிகள், நடுவில் நூற்றுக்கணக்கான மெல்லிய எஃகுத் துண்டுகள் கோத்த பெல்ட். ஆயில் அழுத்தம் புல்லியை இறுக்கிப் பிடிக்கும் வரை எல்லாம் சுகம். நகரத்தில் மென்மையாக, அதிர்வே இல்லாமல் போகும்; மைலேஜும் நன்றாக இருக்கும். திடீரென்று அழுத்தினால்தான் முதலில் இன்ஜின் கத்தும், வேகம் பின்னால் வரும். ரப்பரை இழுத்துவிட்டது போன்ற உணர்வு. காலை முக்கால்வாசி மட்டும் அழுத்திப் பழகினால் இது பாதியாகும்.

சிவிடி எப்படிக் கிளம்புகிறது என்பதைக் கேளுங்கள். ஹோண்டாவின் பழைய சிவிடிகளில் ஆயிலில் மூழ்கிய ஸ்டார்ட் கிளட்ச் இருந்தது. நாள்பட நகரும்போது குலுங்கல் வரும். 2014 சிட்டி சிவிடியில் அந்த இடத்துக்கு டார்க் கன்வெர்ட்டர் வந்தது, குலுங்கல் பிரச்சினையும் போனது. ஊர்வதைத் தாங்குவது மறுபடியும் ஆயில். ஆயிலை 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள், அந்தக் கம்பெனி குறிப்பிடும் சிவிடி ஆயிலை மட்டும். சாதாரண ஏடிஎஃப் (மற்ற ஆட்டோமேட்டிக்குகளுக்கான கியர் ஆயில்) ஊற்றினால் பெல்ட் புல்லியில் பிடிக்காமல் வழுக்கி, புல்லியின் முகத்தில் கோடு விழும். கோடு விழுந்த பெட்டிக்கு வைத்தியம் இல்லை. வண்டி பின்னால் உருளும்போதே ரிவர்ஸிலிருந்து டிரைவுக்குத் தள்ளுவதும், பள்ளத்தில் சக்கரம் சுழன்று சட்டென்று பிடிக்க விடுவதும் பெல்ட்டுக்கு நேரடி அடி. ஹூண்டாய், கியா தங்கள் சிவிடிக்கு வைத்த பெயர் ஐவிடி; அதில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. 2023-ல் தயாரான சில வண்டிகள் மின் ஆயில் பம்பின் கன்ட்ரோலருக்காக 2024-ல் திரும்ப அழைக்கப்பட்டன. பழைய வண்டி வாங்கினால் அந்த வேலை முடிந்ததா என்று சேசிஸ் எண் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்டில் எழுதியிருக்கும் 'ஈ-சிவிடி' இதுவல்ல. அதில் பெல்ட்டும் இல்லை, கிளம்புவதற்கான கிளட்சும் இல்லை. ஒரு கோள்கியர் தொகுதியும் (நடுவில் ஒரு கியர், அதைச் சுற்றி வரும் சிறு கியர்கள்) மின் மோட்டார்களும்தான். நெரிசலில் ஊர்ந்து போவதற்கு இதைவிடத் தேயாத அமைப்பு இன்று சந்தையில் இல்லை.

தினமும் நெரிசல் என்றால் டார்க் கன்வெர்ட்டர், அடுத்தது சிவிடி. பட்ஜெட் குறைவு, சமதளம், பொறுமையான கால் என்றால் ஏஎம்டி. கெட்டாலும் பக்கத்து ஒர்க்ஷாப்பில் முடியும் செலவு. உலர் டிசிடி வாரம் இருமுறை நெடுஞ்சாலை போகிறவர்களுக்கு, அதுவும் நீட்டிக்கப்பட்ட வாரண்டியோடு மட்டும்.

பழைய ஆட்டோமேட்டிக் பார்க்கப் போகிறீர்கள் என்றால், வண்டியை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் பிரேக்கை மிதித்து பார்க்கிலிருந்து ரிவர்ஸ், ரிவர்ஸிலிருந்து டிரைவ் போட்டுப் பாருங்கள். ஒன்றரை நொடிக்கு மேல் தாமதமோ 'டொக்'கென்ற இடியோ கூடாது. பிறகு அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டி, சூடான பின் அதையே திரும்பச் செய்யுங்கள். குளிரில் நன்றாக இருந்து சூட்டில் சொதப்பும் பெட்டிகள்தான் அதிகம். ரேடியேட்டர் மூடியைத் திறப்பது மட்டும் வண்டி முழுதாக ஆறிய பிறகு: கூலன்ட்டில் எண்ணெய்ப் படலமோ, கியர் ஆயிலில் ரோஸ்மில்க் போன்ற கலங்கலோ தெரிந்தால் ரேடியேட்டருக்குள் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் உள்கூலர் ஓட்டை, அந்த வண்டி வேண்டாம். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னைப் பகுதியில் நின்ற வண்டியா என்றும் விசாரியுங்கள். பெட்டியின் மேலே இருக்கும் பிரீதர் (காற்றுப் போக்கு) துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். சூடான பெட்டி தண்ணீரில் சட்டென்று குளிர்ந்தால் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். சீட்டும் கார்ப்பெட்டும் புதிதாக மாற்றியிருப்பார்கள், ஆயிலை மாற்றியிருக்க மாட்டார்கள். டிரெயின் பிளக்கைத் தளர்த்தி அரை டம்ளர் ஆயிலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள்; எடுத்த அளவை அதே வகை ஆயிலால் நிரப்பிவிட வேண்டும்.